எழுவான்கரையும் படுவான்கரையும்

புலம்பெயர்ந்த நம்மில் பலருக்குக் 'கிழக்கு' என்பது ஒரே நிலம். மட்டக்களப்பாருக்கோ அது இரண்டு கரைகள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம்.

மணற்பட்டியில் நிலம் கொஞ்சம், சனம் அதிகம். தெற்கே அம்பாறைக் கரையோரத்திலும் இதே நெருக்கம்தான். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் இடையிட்டு வருகின்றன. எல்லை பல இடங்களில் ஒரு வீதிதான். குடியிருப்பு கடலோரம், சோறு போடும் வயல் மேற்கே.

இந்த நெருக்கத்தில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கும் குடிமுறை பொதுவானது. குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமுடித்தவன் பெண்வீட்டுக்கு வருகிறான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தேசவழமையைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கை அளப்பவர்கள் (நம் கூட்டங்களில் இவர்களுக்குப் பஞ்சமில்லை) அவசியம் படிக்கவேண்டும்.

யுத்தம் இந்தப் புவியியலையே போர்முனையாக்கியது. எழுவான்கரை பெரும்பாலும் அரசிடம். படுவான்கரை 2007 வரை பெரும்பாலும் புலிகளிடம். 1990 இன் படுகொலைகளுக்குப் பின் மேற்கே வயல் வைத்திருந்த முஸ்லிம்கள் பலரால் அங்கே கால்வைக்க முடியவில்லை. படுவான்கரைத் தமிழருக்கோ ஆஸ்பத்திரியும் சந்தையும் துறைக்கும் சோதனைச்சாவடிக்கும் அப்பால். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 இல்தான்.

இந்தப் பின்னணியில்தான் கல்முனைச் சிக்கலைப் பார்க்கவேண்டும். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். முஸ்லிம் தரப்பு எதிர்த்தது. இரு பக்கமும் நியாயம் உண்டு. தன் ஊர்க் காரியத்தைத் தன் ஊரிலேயே முடிக்க விரும்புவது தமிழரின் ஆசை மட்டுமல்ல. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமான பின், உள்நாட்டிலிருக்கும் கச்சேரிக்கு அலைந்த முஸ்லிம்கள் கரையோர மாவட்டம் கேட்டதும் இதற்காகத்தான். ஆனால் ஊர்கள் மாலைபோலக் கோத்துக் கிடக்கும் இடத்தில் இனவாரியாக ஒரு தொடர்ச்சியான கோட்டை எப்படி இழுப்பது? எப்படி இழுத்தாலும் ஒருவரின் கடைத்தெரு மற்றவரின் எல்லைக்குள் விழும். நிலத்தொடர்பற்ற நிர்வாக அலகுகளை ஏற்பதா என்பதே உண்மையான கேள்வி. மேடைகளில் இதைப் பேசுவோர் குறைவு; கொழும்புக் கட்சிகளுக்கோ இது தேர்தல் காலத்து வாக்குறுதி.