கூலிக் கொலைஞனும் சம்பள உழைப்பாளியும்: ‘கொல்கோ 13’ தொடரின் கவர்ச்சி குறித்து

யப்பானியச் சித்திரக்கதைத் தொடரான ‘கொல்கோ 13’ பற்றி அபிப்பிராயம் கூறுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். வன்முறையையும் காமத்தையும் விற்றுப் பிழைக்கும் மலிவுச் சரக்கு இது, திறனாய்வாளன் தொடத்தக்கதன்று என்பர் ஒரு சாரார். உலக அரசியலைச் சாதாரண வாசகனுக்கும் விளங்கவைக்கும் பாடநூல் இது என்பர் மறு சாரார். இகழ்வோரும் புகழ்வோரும் ஒரு வினாவை எழுப்பத் தவறிவிடுகின்றனர். சட்டத்துக்கு அடங்கி வாழும் இலட்சக்கணக்கான உழைப்பாளர், ஒரு கூலிக் கொலைஞனின் கதையை அரை நூற்றாண்டுக்கு மேலாக விரும்பிப் படித்து வருவது எதனால்? இதற்கு விடை காணாது இத்தொடரைக் கண்டிப்பதும் பயனற்றது, போற்றுவதும் பயனற்றது.

தொடரின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சைட்டோ தக்காவோ இதனை 1968ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘பிக் கொமிக்’ என்னும் சஞ்சிகையில் ஆரம்பித்தார். அதே ஆண்டிலே தோன்றிய அச்சஞ்சிகை, சிறுவர்க்கன்றி வளர்ந்த ஆண்களுக்கென வெளியிடப்பட்டது. 2021 யூலையில் தொடரின் 201ஆவது தொகுதி வெளிவந்தபோது, மிகக் கூடிய தொகுதிகளைக் கொண்ட தனிச் சித்திரக்கதைத் தொடர் என்னும் கின்னஸ் சாதனை அதற்குக் கிட்டியது. கதாநாயகன் டியூக் தோகோ என்னும் புனைபெயரால் அறியப்படுபவன். ‘கொல்கோ’ என்பது இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவை நினைவூட்டுவது; 13 தீக்குறி எண். அவனது பிறப்போ இனமோ நாடோ உறுதியாகக் கூறப்படுவதில்லை. அவற்றைத் துருவி ஆராய முற்படும் கதைகளும் ஐயத்திலேயே முடிகின்றன.

வன்முறையே இதன் கவர்ச்சி என்போர்க்கு முதலில் மறுமொழி கூறுவோம். வன்முறை மாத்திரம் போதுமாயின், அதனை இதனிலும் தாராளமாக வழங்கிய எத்தனையோ தொடர்கள் சில ஆண்டுகளில் மறக்கப்பட்டிருக்க நியாயமில்லை. கதையொன்றை எடுத்து அதன் பக்கங்களை எண்ணிப் பார்ப்பவருக்கு உண்மை புலப்படும். சுடுவது சில கட்டங்களில் முடிந்துவிடுகிறது. ஏனைய பக்கங்களை நிரப்புவன வேலையின் விபரங்களே: வேலை கொடுப்பவரின் விளக்கம், இலக்கானவரின் நடமாட்டம், தூரம், காற்று, துப்பாக்கியிற் செய்யவேண்டிய மாற்றம், அதனைச் செய்துகொடுக்கும் கைவினைஞனின் சிரமம். தேர்ந்த தச்சன் உளியைப் பேணுவதுபோல அவன் தனது எம்-16 துப்பாக்கியைப் பேணுகிறான். பேச்சோ மிகக் குறைவு. பல இடங்களில் அவனுடைய மறுமொழி வெறும் புள்ளிகள் நிரம்பிய பேச்சுக் குமிழாகவே அமைகிறது. இதனைக் கொலையின் கதை என்பதிலும் வேலையின் கதை என்பதே பொருந்தும்.

அக்காலத்து யப்பானோடு சேர்த்து நோக்கும்போது இதன் பொருள் மேலும் துலங்கும். 1968இல் யப்பான் மொத்தத் தேசிய உற்பத்தியில் மேற்கு ஜேர்மனியை விஞ்சி, முதலாளித்துவ உலகில் இரண்டாம் இடத்தை எய்தியது. அவ்வளர்ச்சியைத் தோளிற் சுமந்த பெருங் கம்பனிகளின் ஊழியன் ஆயுட்கால வேலையையும் வயதோடு உயரும் சம்பளத்தையும் பெற்றான். அவற்றுக்கு ஈடாக அவன் கொடுத்தது எட்டு மணி நேர உழைப்பை மட்டுமன்று. மேலதிக நேரத்தையும், கம்பனி விரும்பிய ஊருக்கு மாற்றலாகிப் போகும் சம்மதத்தையும், வேலை முடிந்தபின் மேலதிகாரியோடு அமர்ந்து மது அருந்தும் மாலைப் பொழுதையும் சேர்த்தே கொடுத்தான்.

இத்தகைய வாசகனின் முன் தோகோவின் நிபந்தனைகளை வைத்துப் பாருங்கள். வேலை கொடுப்பவர் அவனிடம் எதையும் மறைக்கலாகாது. வேலையின் பொருட்டு ஒருமுறை சந்தித்தவரை அவன் மீண்டும் சந்திப்பதில்லை. வலக்கையை எவரும் பற்றிக் குலுக்க நீட்டுவதில்லை. தன் முதுகுக்குப் பின்னால் எவரையும் நிற்க விடுவதில்லை. முழுத் தொகையும் சுவிஸ் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். அத்துடன் உறவு முடிந்தது. நன்றியுமில்லை, விசுவாசமுமில்லை, ஆண்டிறுதி விருந்துமில்லை. நாள் முழுவதும் தனக்குப் பின்னால் மேலதிகாரியொருவர் நிற்பதை உணர்ந்து வேலை செய்யும் மனிதனுக்கு இதனிலும் இனிய கனவு வேறென்ன இருக்கமுடியும்? தன் திறமையைத் தானே விலை பேசி விற்று, எவருக்கும் ஆட்படாதிருக்கும் உழைப்பாளியையே அவன் தோகோவிற் காண்கிறான். அவன் விரும்புவது கொல்வதற்கான உரிமையை அன்று, மறுப்பதற்கான உரிமையை.

இவ்வேட்கை நியாயமானது. இதனைக் கண்டு நகைப்பவர் உழைத்துக் களைத்தவரல்லர். எமது குற்றச்சாட்டு வாசகன்மீதன்று. அவனது நியாயமான வேட்கைக்கு இத்தொடர் என்ன செய்கிறது என்பதன் மீதே.

இவ்விடத்தில் இரண்டாங் கட்சியினரின் வாதத்தை நோக்குதல் வேண்டும். கெடுபிடிப்போர் முதல் எண்ணெய், தானியம், நாணயச் சந்தை வரை இத்தொடர் தொடாத விடயமில்லை என்று அவர்கள் வியக்கின்றனர். விடயங்கள் உள்ளன, மறுக்கவில்லை. அவற்றின் இயக்கம் எவ்வாறு காட்டப்படுகிறது? சீ.ஐ.ஏ.யும் கே.ஜீ.பீ.யும் ஒரே மனிதனிடம் வேலை கொடுக்கின்றன. அவன் இருசாரார்க்கும் சுடுகிறான். வரலாறென்பது மூடிய அறைகளிற் சிலர் தீட்டும் திட்டம். ஒருவரை அகற்றினால் அது திசைமாறும். தொழிலாளரும் விவசாயிகளும் அகதிகளும் அக்காட்சிகளின் பின்புறத்தில் ஓடித் திரியும் உருவங்களாகவே எஞ்சுகின்றனர். நாடுகளின் பெயர்களை அறியச் செய்து, மக்களின் செயலை அறியாதிருக்கச் செய்யும் நூலைப் பாடநூல் என்பது எங்ஙனம்?

இவ்வடிவத்தால் வேறெதுவும் இயலாதென்று சமாதானம் கூறவும் இடமில்லை. 1957இல் தட்சுமி யொஷிஹிரோ ‘கெக்கிகா’ என்னும் சொல்லை வழங்கினார். நாடகச் சித்திரம் என அதனைத் தமிழில் உரைக்கலாம். 1959இல் அவரும் சைட்டோவும் வேறு சிலரும் கெக்கிகாக் குழுவாக இணைந்தனர். வாடகை நூற்கடைகளை நாடிய வாசகர்க்கென வளர்ந்த கலை அது. அதே கடைகளிலிருந்து வந்த ஷிராட்டோ சன்பெய், 1964 முதல் 1971 வரை ‘கரோ’ சஞ்சிகையில் ‘கமுயி-டென்’ என்னும் நெடுங்கதையை வரைந்தார். எடோ காலத்து விவசாயிகளும் தீண்டப்படாதோரும் அதிற் பின்னணி உருவங்களல்லர். கதையை நடத்துவோரே அவர்கள்தாம். கிளர்ச்சிக் காலத்து மாணவர் அதனை விரும்பிக் கற்றனர். 1969 சனவரியில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யசுடா மண்டபத்தைப் பொலிசார் மாணவரிடமிருந்து மீட்டனர், கிளர்ச்சி தளர்ந்தது. கூட்டாக எழுவதில் நம்பிக்கை குன்றிய காலத்தில், தனியாகத் தப்பும் மனிதனின் கதை செழித்ததில் வியப்பில்லை.

தனிமனிதனைப் போற்றும் இக்கதை தனிமனிதனால் ஆக்கப்பட்டதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1960இல் சைட்டோ நிறுவிய கலைக்கூடம், திரைப்படம் எடுப்பதுபோல் எழுத்து, வரைதல் முதலான பணிகளைப் பலருக்குப் பகிர்ந்தளித்தது. பங்கேற்றோரின் பெயர்களையும் அச்சிட்டது. தன் உதவியாளரை மறைக்கும் கலைஞர் மலிந்த உலகில் இது நேர்மையான செயலே. 2021 செத்தெம்பரில் சைட்டோ காலமான பின்பும், அவருடைய விருப்பப்படியே தொடர் நிற்கவில்லை. அதனை வாழவைத்தது கூட்டுழைப்பு. ஆயினும் அக்கூட்டுழைப்பு ஓயாது வரைந்தது, எவரையும் வேண்டாத மனிதனின் உருவத்தையே!

இறுதியாக ஒரு சான்று. 2016 யூலையில் டாக்காவில் நடந்த தாக்குதலில் யப்பானியர் எழுவர் கொல்லப்பட்டனர். அதன்பின் 2017இல் யப்பானிய வெளிநாட்டமைச்சு, பிறநாடுகளில் இயங்கும் சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கெனப் பாதுகாப்புக் கைந்நூலொன்றை 13 பகுதிகளாக வெளியிட்டது. அதில் வெளிநாட்டமைச்சர் வேலை கொடுக்கிறார். டியூக் தோகோ கம்பனி ஊழியர்க்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறான். உயிர்காக்கும் அறிவுரையைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் எவருக்கும் ஆட்படாதவன் என்று ஊழியன் கனவுகண்ட அம்மனிதன், ஈற்றில் கம்பனியின் பயிற்சியாளனாக வந்து நின்றான் என்பதைக் காணாதிருத்தல் இயலாது. இதனை இத்தொடரின் வீழ்ச்சி என்பது தவறு. கூலி கொடுப்பவர் எவராயினும் வேலை செய்வான் என்பதுதானே முதற் கதையிலிருந்தே அவனது தருமம்?

ஆகவே, ‘கொல்கோ 13’ஐத் தடைசெய்யுங்கள் என்போருடனும் நாம் சேரோம், அதனைப் பாடநூலாக்குவோருடனும் சேரோம். படியுங்கள், முதுகுக்குப் பின்னால் எவரையும் நிற்க விடாத அம்மனிதன்மீது பொறாமையும் கொள்ளுங்கள். படித்து முடித்தபின், நமக்குப் பின்னால் நிற்பவரை அங்கே நிறுத்தியது யார் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடுபவருக்குத் துப்பாக்கி பயன்படாது. பக்கத்து மேசையில் இருப்பவரே துணையாவர்.