விதைப் பொட்டலம் நம் கையில், காணி யார் கையில்?



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைநகரில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனையில் கூட்டிப் பேசினோம். கடைகளில் நிற்பவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவுபவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள் என்று முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். சம்பளம், லீவு, சேமலாப நிதி பற்றிப் பேசத்தான் கூட்டினோம். பேச்சு வீட்டுத்தோட்டத்தில் போய் நின்றது.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் தங்கச்சி எழுந்து சொன்னார்: "விடிஞ்சதும் மொத வேல மொட்டை மாடிக்குப் போயி தண்ணி ஊத்துறதுதான். தக்காளி, கத்தரி, மொளகா எல்லாம் பையில வச்சிருக்காங்க. மேல வலை கட்டியிருக்கு. ஒரு மூலையில கோழிக்கூடு. எல்லாம் நான்தான் பாக்குறேன். நல்லா காய்க்குது. ஆனா போன கெழம எங்க அம்மா போன்ல அழுதாங்க. லயத்துக்குப் பின்னால போட்ட போஞ்சிக் கொடியப் புடுங்கச் சொல்லிட்டாங்களாம். தோட்டத்துக் காணியாம்."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள் வளர்த்தால் அது வீட்டுத்தோட்டம். தாய் வளர்த்தால் அது அத்துமீறல். இந்த நாட்டின் உணவுக் கொள்கை நம்மை எங்கே வைத்திருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை நாலு வரியில் சொல்லிவிட்டார்.

வெள்ளவத்தைக்காரர் மாடியில் தக்காளி வைப்பதில் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. நெருக்கடிக் காலத்தில் ஒரு கத்தரிச் செடியும் உதவிதான். நம் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. "எல்லோரும் பயிரிடுங்கள்" என்று அரசாங்கம் சொல்கிறதே, அந்த "எல்லோரும்" என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா?

2022 ஜூன் மாதம் அமைச்சரவை ஒரு தீர்மானம் எடுத்தது. எரிபொருள் இல்லை, உணவுத் தட்டுப்பாடு வருகிறது, ஆகவே அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளில் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்றது. சம்பளத்தோடு விடுமுறை. நல்லது. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு எந்த வெள்ளிக்கிழமை? அவர் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. போனாலும் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, தண்ணீர் தூக்கி, அடுப்பு மூட்டும்போது இருட்டிவிடும். அவர் எப்போது பாத்தி கொத்துவது?

இது முதல் தடவையும் அல்ல. 2007இல் "அபி வவமு ரட நகமு" வந்தது. 2011இல் "திவிநெகும" வந்தது. 2020இல் "சௌபாக்கியா" வந்தது. ஒவ்வொரு தடவையும் விதைப் பொட்டலம், பதாகை, புகைப்படம். நம் லயங்களுக்கும் பொட்டலம் வந்ததுண்டு. அதைப் போட மண் வந்ததில்லை. 2021இல் கோட்டாபய ராஜபக்ச ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார். அந்த வருடம் நவம்பரில் தடையை நீக்குவதற்குள் மலையில் கொழுந்து குறைந்தது, நம் கிலோவும் குறைந்தது.

2022இல் நிலைமை என்ன? கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, அந்த வருடம் செப்டெம்பர் மாதத்தில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்னிருந்ததைவிட 94.9 சதவீதம் அதிகமாக இருந்தது. நமது நாட்சம்பளமோ அப்போது 2021 மார்ச்சில் போராடி வாங்கிய அதே 1000 ரூபாயாகவே இருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அந்த வருடம் சேர்ந்து செய்த மதிப்பீட்டில், நாட்டிலேயே ஆகக் கூடுதலாக உணவுக்குத் தவித்தது தோட்டப்புறம் என்று வந்தது. நமக்கு இதைச் சொல்ல அறிக்கை தேவையில்லை. காலைக் கூட்டத்தில் பசியால் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைப்பவர்கள் நாம்.

"இடமில்லை என்றால் பையில் வளருங்கள், கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் செய்யவில்லையா?" என்று ஒரு அதிகாரி நம்மிடம் கேட்டார். செய்கிறார்கள்தான். அந்த மாடி அவர்களுடையது, அல்லது வாடகை ஒப்பந்தத்தோடு அவர்கள் கையில் இருப்பது. பையை நாளைக்கு யாரும் வந்து உதைத்துத் தள்ள முடியாது. நமக்கோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னால் ஒரு முழ இஸ்தோப்பு, மேலே பழைய தகரம். அதற்கும் உறுதி இல்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் நாம் அங்கே "குடியிருக்க விடப்பட்டவர்கள்".

நமக்கு விவசாயம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். சரிவில் கல் அடுக்கி மண்ணை நிறுத்தி மேட்டுப்பாத்தி கட்டுவது நம் பாட்டன்மாருக்குக் கைவந்த வேலை. இந்த மலைகளில் கல்லணை கட்டியதும் கான் வெட்டியதும் அவர்கள்தான். தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியாப் பக்கம் தக்காளி இலை அழுகும். அதற்கு மூங்கில் வளைத்துப் பொலித்தீன் போட்டால் செடி தப்பும் என்று நம் பையன்களுக்குத் தெரியும். நுவரெலியாவில் குடைமிளகாயும் ஸ்ட்ரோபெரியும் விளையும் பெரிய பொலித்தீன் கூடாரங்களில் கூலிக்கு நிற்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாலு கோழி இருந்தால் முட்டை பிள்ளைக்கு, எரு பாத்திக்கு. துரை பங்களாவுக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் கோவாவும் வரிசையாக நிற்கின்றனவே, அதைக் கொத்தித் தண்ணீர் ஊற்றுவது யார்? நம் ஆள்தான். நம் கைக்கு வேலை தெரியும். நம் காலுக்குக் கீழே உள்ள மண்தான் நம்முடையதில்லை.

யாருடையது அது? இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. கம்பனிகள் இன்றைக்கும் குத்தகைக்காரர்கள், நிலம் அரசுக்குரியது. அப்படியானால் "பயிரிடுங்கள்" என்று சொல்லும் அரசாங்கமும், போஞ்சிக் கொடியைப் பிடுங்க விடும் காணிச் சொந்தக்காரரும் ஒரே ஆள்தான்.

காணி கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. எழுபதுகளில் பஞ்சம் வந்தபோது, கிராமத்தில் மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் அதுவும் இல்லாமல் நம் ஆட்கள் செத்தார்கள். பிறகு நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்தபோது தொழிலாளர் எதிர்த்து நின்றார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் உயிர் விட்டார். ஒரு துண்டு மண்ணைக் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. அதற்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம்.

பிற நாடுகளைப் பாருங்கள். தொண்ணூறுகளில் சோவியத் ஒன்றியம் விழுந்து கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் நின்றது. தலைநகரான ஹவானாவில் சும்மா கிடந்த காணிகளை அரசாங்கம் மக்களுக்குப் பயிரிடும் உரிமையோடு இலவசமாகக் கொடுத்தது. மக்கள் மேட்டுப்பாத்தி கட்டி நகரத்துக்குள்ளேயே கீரையும் காய்கறியும் விளைவித்தார்கள். அங்கே "பயிரிடுங்கள்" என்ற சொல்லோடு காணியும் வந்தது.

இன்னொரு எச்சரிக்கை. நாளைக்கு நம் பாத்தியில் நாலு கோவா விளைந்தால், "அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது" என்று சம்பளப் பேச்சில் கம்பனி கணக்குக் காட்டும். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. வீட்டுத்தோட்டம் குடும்பத்தின் சோற்றுக்குக் கறி. அது சம்பளத்துக்குப் பதில் அல்ல.

நம்மையும் கொஞ்சம் குறை சொல்லிக்கொள்வோம். சங்கங்கள் வருடா வருடம் சம்பளத்தை முதல் கோரிக்கையாகவும் காணியைக் கடைசிக் கோரிக்கையாகவும் எழுதி வந்திருக்கிறோம். மேசையில் கடைசிக் கோரிக்கைக்கு நேரம் வருவதே இல்லை. மண்சரிவுக்குப் பிறகும் இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்த இடங்களைப் போய்ப் பாருங்கள். 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போனாலும், பாதையும் கக்கூசும் போனாலும், மீதியில் கீரைப் பாத்தியும் கோழிக்கூடும் வந்துவிடுகின்றன. யாரும் விதைப் பொட்டலம் கொடுத்துச் சொல்லித்தரவில்லை. மண் தங்களுடையது என்று தெரிந்ததும் தாங்களே செய்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவை:

லயன்களைச் சுற்றியுள்ள காணியைத் தொழிலாளர் குடும்பங்களின் பெயரில், பெண்களின் பெயரும் சேர்த்து, உறுதியோடு கொடுக்க வேண்டும்.

அதுவரை, தொழிலாளர் போட்ட பயிரையும் கோழிக்கூட்டையும் அகற்ற எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் அதிகாரம் இல்லை என்று அரசாங்கம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கமநல சேவை நிலையங்களின் விதை, உரம், ஆலோசனை எல்லாம் கிராமத்து விவசாயிக்குக் கிடைப்பதுபோல் நமக்கும் கிடைக்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். இப்போதே நடுங்கள். ஒவ்வொரு டிவிசனிலும் தலைவிமார் ஒரு கொப்பி எடுத்து, எந்தக் குடும்பம் எத்தனை அடியில் என்ன போட்டிருக்கிறது, எந்த வருடத்திலிருந்து பயிரிடுகிறது என்று எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். யாராவது பிடுங்கச் சொன்னால், "எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொல்பவர்கள் கையெழுத்துப் போடப் பயப்படுவார்கள். போட்டால் அந்தக் கடிதத்தைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் தங்கள் தோட்டத்து விபரத்தை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கொட்டாஞ்சேனைக் கூட்டத்துக்கு வாருங்கள்.

2023இல் நம்மவர்கள் இந்த மலைக்கு வந்து 200 வருடம் என்று மேடை போட்டார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள். இனி மேடை போட்டால் அந்த மேடைக்கு முன்னால் நம் கொப்பிகளோடு போய் நிற்போம். 200 வருடம் அடுத்தவர் தோட்டத்துக்கு மண் கொத்தியவர்கள், சொந்தமாக ஒரு போஞ்சிக் கொடி வைக்க இடம் கேட்கிறோம்.