புண்ணுக்கு ராசி தெரியாது

காரைக்காலுக்குப் புறப்பட்ட சித்தப்பா காரைக்குடியில் போய் இறங்கிய கதையை எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். 2023 கோடையில் நடந்தது. சித்தப்பாவுக்குக் கடக ராசி. அஷ்டமச் சனி பிடித்துவிட்டது, காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாருங்கள் என்று ஜோதிடர் சொல்லியிருந்தார். திருச்சியில் விடிகாலை நான்கு மணிக்கு, பலகையில் ‘காரை’ வரைக்கும் படித்துவிட்டுப் பேருந்தில் ஏறி, கண்டக்டரிடம் “காரை ரெண்டு” என்று சொல்லிவிட்டு அவரும் சித்தியும் தூங்கிப்போனார்கள். பொழுது விடிந்து இறங்கியதும், ஒரு கையில் நல்லெண்ணெய் பாட்டிலும் மறு கையில் எள்ளுப் பொட்டலமுமாகச் சித்தி ஒரு பூக்காரம்மாவிடம், “குளம் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா நல்ல மனசோடு ஊருணிக்கு வழிகாட்டினார். தலையில் எண்ணெய் வைத்த பிறகுதான் சித்தப்பா கோபுரத்தைத் தேடினாராம்.

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு மறந்திருக்க வேண்டிய கதை இது. ஊர் திரும்பியதும் ஜோதிடரிடம் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. “பரிகாரம் பண்ண விடாம சனி தடுக்கிறார். கடுமையாத்தான் இருக்கு” என்றார். சித்தப்பாவின் முகம் அன்றைக்கு இருண்டது. அரைத்தூக்கத்தில் பலகையை முழுதாகப் படிக்காத ஒரு சின்னத் தவறு, அந்த நிமிடத்திலிருந்து வானத்திலிருந்து வந்த எச்சரிக்கை ஆகிவிட்டது. பிறகு பால் பொங்கி வழிந்தாலும், வண்டி பஞ்சரானாலும் அவர் காரணம் தேடுவதை விட்டுவிட்டார். காரணம்தான் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதே.

ஏழரைச் சனி, அஷ்டமச் சனி என்ற நம்பிக்கை நமக்குச் செய்கிற பெரிய தீங்கு இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கோயிலுக்குப் போகிற செலவும் அலைச்சலும் போகட்டும். நமக்கு நேர்கிறவற்றின் காரணத்தை நம் கையிலிருந்து அது பிடுங்கிக்கொள்கிறது.

கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். ஜோதிடர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கே போதும். சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு ராசிக்கும் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டு. நம் ராசிக்கு முந்தைய ராசியில் சனி இருந்தால் விரயச் சனி, நம் ராசியில் இருந்தால் ஜென்மச் சனி, அடுத்ததில் இருந்தால் பாதச் சனி. மூன்றும் சேர்ந்து ஏழரை. இதோடு நான்காம் இடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாம் இடத்துக் கண்டகச் சனி, எட்டாம் இடத்து அஷ்டமச் சனி. எண்ணினால் பன்னிரண்டில் ஆறு. பிறக்கும்போது சந்திரன் நிற்கும் ராசிதான் நம் ராசி. சந்திரனோ இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி மாறுகிறது. ஆகவே மக்கள் எல்லா ராசியிலும் ஏறக்குறையச் சமமாகவே பிறக்கிறார்கள். எந்த நாளை எடுத்தாலும் நாட்டில் பாதிப் பேருக்குச் சனி சரியில்லை என்று இதற்குப் பொருள். ஒரு பேருந்தில் அறுபது பேர் இருந்தால் முப்பது பேர் தண்டனையில் இருக்கிறார்கள். அந்த முப்பது பேரில் யாருக்கு இரண்டரை வருஷத்தில் ஒரு காய்ச்சலோ கடனோ வீட்டுச் சண்டையோ வராமல் இருக்கும்? வந்ததும், “அன்னைக்கே சொன்னாரே” என்கிறோம். மற்ற முப்பது பேருக்கும் அதே காய்ச்சலும் கடனும் வந்திருக்கும். அதை யாரும் எண்ணுவதில்லை.

சுற்றுகளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. முப்பது வயதுக்குள் படிப்புக்கும் வேலைக்கும் அல்லாடுவதும், நடு வயதில் கையில் நாலு காசு சேர்வதும், அறுபதுக்கு மேல் உடல் தளர்வதும் மனித வாழ்க்கையின் நடப்பு. அந்த நடப்புக்குச் சனியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கெட்டது நடந்தால் சனி, நல்லது நடந்தால் பொங்கு சனி. இப்படி ஒருபோதும் தோற்க முடியாத ஒரு சொல்லுக்குக் கணிப்பு என்று பெயர் வைக்கலாமா?

தேதியிலாவது ஒற்றுமை உண்டா? சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல். வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-இல். இடையில் பதினோரு மாதம். அந்த மாதங்களில் தனுசு ராசிக்காரர் ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை முடிந்து விடுதலையானவர், இன்னொன்றில் பாதச் சனியில் அவதிப்படுபவர். 2025 மார்ச் 29-இல் பெயர்ச்சி என்று திருக்கணிதக்காரர்கள் பலன் எழுதிக் குவித்தார்கள். திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ தாங்கள் பின்பற்றும் வாக்கியப்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. வானத்தில் இருப்பது ஒரே கோள். அது எங்கே நிற்கிறது என்பதிலேயே ஓராண்டு வித்தியாசம் வருகிறது. இதை வைத்துக்கொண்டு ஒருவருடைய உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் எப்படி நாள் குறிக்கிறார்கள்?

திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன என்று படித்தவர்களே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொண்டது. நின்றால் கீழே விழும். சொல்லப்பட்டது பொய், அவ்வளவுதான்.

இவ்வளவும் நான் எழுதுவது சித்தப்பாவின் வலது காலுக்காக.

2024 மழைக்காலத்தில் அவர் காலில் ஒரு கொப்புளம் வந்து புண்ணானது. செருப்பு கடித்தது என்றார். வலி இல்லை. வலி இல்லாததுதான் ஆபத்து என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்பே ஒரு வருஷமாக உடம்பு இளைத்துக்கொண்டிருந்தது, இரவில் நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடித்தார். எல்லாவற்றையும் ஜோதிடர் கேட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “அஷ்டமத்துல உடம்பு படுத்தும். மார்ச் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.” சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். சனிக்கிழமைதோறும் எள் விளக்கு ஏற்றினார். பிப்ரவரியில் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சர்க்கரை. முந்தைய ஆண்டே ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்திருக்கும். விரல்களை எடுத்த பிறகு, கட்டிலில் படுத்தபடி அவர் என்னிடம் கேட்டார்: “கோயில்ல அடுத்த வருஷம்தான் பெயர்ச்சிங்கிறாங்களே, எனக்குச் சனி விடுமா விடாதா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோபத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

ஆறுதல் தருகிறதே, அதை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. ஆறுதலுக்கு நான் எதிரி இல்லை. திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. சம்பந்தர் பாடிய பச்சைப் பதிகத்துக்கு உரியது. அங்கே போய் மனம் உருகி நிற்பவரை நான் தடுக்க மாட்டேன். மூலவர் சன்னிதியைக் கடந்து சனீஸ்வரனிடம் ஓடுகிறவர்களின் முகத்தில் நான் பார்த்தது பயம். முதலில் பயத்தை ஊட்டிவிட்டு, பிறகு அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதற்கு ஆறுதல் என்று பேர் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

சித்தப்பா இப்போது மாதம் தவறாமல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். சர்க்கரை அளவை ஒரு பழைய டைரியில் குறித்து வைக்கிறார். போன பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் காரைக்குடி கதையைக் கேட்டார்கள். எண்ணெய் பாட்டில், பூக்காரம்மா, ஊருணி எல்லாம் சொன்னார். சின்னவன், “ஏன் தாத்தா தப்பான பஸ்ல ஏறினீங்க?” என்றான். “போர்டை முழுசாப் படிக்கலடா” என்றார்.