பக்கத்து வீட்டுக்கு வைஃபை கொடுக்கலாமா?

 

போன வெள்ளி பூஜை முடிஞ்சு அண்டா கழுவும்போது ஓர் அம்மா கேட்டாங்க, "பக்கத்து வீட்டுல வைஃபை கேக்குறாங்கண்ணா, கொடுக்கலாமா?" சுத்தி இருந்தவங்க எல்லாரும் "கொடுக்காதீங்க, பிரச்சினை வரும்"னு சொன்னாங்க. எங்க கருத்து வேற. கொடுக்கணும், ஆனா முறையா கொடுக்கணும்.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு. பிள்ளைங்க படிப்பு கைப்பேசிக்குள்ள போயிடுச்சு. பக்கத்து வீட்டுல தாய் தனியா மூணு பிள்ளைங்களை வளர்க்கிறாங்க. நாங்க பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தோம். ரெண்டு மாசத்துல அது வரிசை முழுக்கப் பரவிடுச்சு. ராத்திரியில எங்க கேட்டுக்கு வெளிய மோட்டார்ல உட்கார்ந்து பையனுங்க கேம் விளையாடுறானுங்க. எங்க மகனோட வகுப்பு நின்னு நின்னு போகுது. கோபத்துல யாருக்கும் சொல்லாம பாஸ்வேர்டை மாத்திட்டோம்.

மறுநாள் காலையில அந்த வீட்டுக் கடைசிப் பொண்ணு கைப்பேசியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு எங்க வேலி ஓரமா நின்னுச்சு. அன்னைக்கு அதுக்குச் சோதனை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. அந்த முகம் இன்னும் எங்களுக்கு மறக்கல.

தப்பு கொடுத்ததுல இல்ல, கொடுத்த விதத்துல. அன்னதானத்துக்கு அண்டாவைத் தெருவுல வச்சிட்டா போயிடுறோம்? கரண்டியை நம்ம கையில வச்சிக்கிட்டுதானே பரிமாறுறோம்!

இப்போ பெரும்பாலான ரவுட்டர்ல 'கெஸ்ட்'னு தனி லைன் போடலாம். அதுக்குப் பேரும் பாஸ்வேர்டும் வேற. நம்ம வீட்டு பாஸ்வேர்ட் வெளிய போகாது. மாசம் ஒரு தடவை மாத்துங்க, புதுசை நேர்ல போய்க் கொடுங்க. நல்லா தெரிஞ்ச குடும்பத்துக்கு மட்டும் கொடுங்க. லைன் நம்ம பேர்ல இருக்கு. யாராவது ஏமாத்து வேலை செஞ்சா விசாரணை முதல்ல நம்ம வாசலுக்குத்தான் வரும். ஒப்பந்தத்துல உள்ள நிபந்தனையையும் படிச்சிடுங்க. காசு மட்டும் வாங்காதீங்க, அப்புறம் அது உதவி இல்ல, வியாபாரம்.

"இப்பதான் டேட்டா மலிவாச்சே"ன்னு சிலர் சொல்றாங்க. மூணு பிள்ளைக்கு ஒரே கைப்பேசி இருக்கிற வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க.

அந்தப் பொண்ணு இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுது. எங்க கெஸ்ட் லைன்லதான் படிக்குது. நம்ம ஆலய மண்டபத்துலயும் சோதனை முடியிற வரைக்கும் சாயங்காலம் இப்படித் திறந்துவிடலாம்னு நிர்வாகத்துக்கிட்ட கேட்கப் போறோம். உங்க கருத்தையும் சொல்லுங்க.

எழுதினதுல தவறு இருந்தா மன்னிக்கவும். முருகன் துணை.