நடிகையரும் நிருபர் தர்மமும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னையில் 'அதர்ஸ்' என்னும் படத்தின் பொருட்டுக் கூடிய நிருபர் கூட்டத்தில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாட்டுக் காட்சியொன்றில் கதாநாயகியைத் தூக்கிய நடிகரிடம், அம்மாதின் எடை எவ்வளவு என்று யூடியூப் நிருபர் ஒருவர் முன்னரே கேட்டிருந்தார். அக்கேள்வி தகாதென்று நடிகை கௌரி கிஷன் எடுத்துரைத்தபோது, கேட்டவர் நாணவில்லை. அது சாதாரணக் கேள்வியே என்று வாதாடினார். மேடையில் உடனிருந்த ஆடவர் அவ்வேளையில் மௌனம் சாதித்தனர். அம்மையார் ஒருவரே நின்று பதிலளித்தார். பிறகு நடிகர் சங்கம் கண்டித்தது. நிருபர் வருத்தம் தெரிவித்தார். அவ்வருத்தத்தை நடிகை ஏற்கவில்லை. விஷயம் இத்துடன் முடிந்ததென்று பலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

நாஞ்சில் நாட்டினராகிய நமக்கு இவ்விஷயத்தில் தனிக் கவலை உண்டு. மலையாளத்தின் முதற் படமாகிய 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தை 1920-களின் கடைசியில் எடுத்த ஜே. சி. டேனியல் நமது அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்தவர். அதில் கதாநாயகியாக நடித்த பி. கே. ரோஸி, தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து, காக்காரிசி நாடகம் ஆடிவந்த பெண். அவர் திரையில் நாயர் குலமாதாகத் தோன்றியதைத் திருவனந்தபுரம் காப்பிடல் கொட்டகையில் கூடிய மேற்குலத்தார் பொறுக்கவில்லை. திரைமீது கல் விழுந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓடநேர்ந்தது. நாகர்கோவில் நோக்கிவந்த லாரியொன்றில் ஏறித் தப்பினார் என்றும், அதன் சாரதியையே மணந்து ராஜம்மாள் என்னும் பெயரில் வாழ்ந்தார் என்றும் கூறுவர். படச்சுருளும் இன்று இல்லை.

அன்று கல்லெறிந்தவர் நிருபர் அல்லர். கொட்டகைக்கு வந்த ஜனங்களே. ஆயினும் அன்றைய கல்லுக்கும் இன்றைய கேள்விக்கும் அடிப்படை ஒன்றே. மேடையேறிய பெண்ணின் உடலும் மானமும் பார்ப்பவனுடைய உடைமை என்ற துர்எண்ணமே அது. பேனா நினைத்தால் எத்தகைய நன்மையையும் செய்யலாம் என்பதற்கும் இக்கதையிலேயே சான்று உண்டு. வறுமையில் மறக்கப்பட்டுக் கிடந்த டேனியலை உலகறியச் செய்தவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளரே. 1975-ல் டேனியல் காலமானார். அவர் பெயரால் கேரள சர்க்கார் இன்று விருது வழங்குகிறது. ரோஸியின் பெயரோ இவ்விருபத்தோராம் நூற்றாண்டில்தான் பலர் காதில் விழுந்தது.

நிற்க. நடிக நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டுக் காசு பண்ணும் தொழில் யூடியூபோடு பிறந்ததன்று. லக்ஷ்மிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்றும், பின்னர் 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தி, நட்சத்திரங்களின் மானத்தை வாரந்தோறும் ஏலமிட்டார். 1944 நவம்பரில் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும், நாகர்கோவிலில் பிறந்த நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து, 1947-ல் விடுதலையாயினர். கொலையை எவரும் நியாயப்படுத்தமுடியாது. எனினும் எழுத்து தன் எல்லையை மீறினால் எழுதியவன், எழுதப்பட்டவன், வழக்கில் சிக்கியவன் ஆகிய அனைவரையும் அது எரித்துவிடும் என்ற பாடத்தை நம் நாடு அன்றே கற்றிருக்கவேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. பொது வாழ்வுக்கு வந்தவர் எக்கேள்விக்கும் பதிலளிக்கக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. நடிகையின் தொழிலையும், சம்பளத்தையும், பொது விஷயங்களில் அவர் கருத்தையும் எவ்வளவு கடுமையாகவும் கேட்கலாம். அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால், அதே நிருபர் கதாநாயகனை நோக்கி, "உமது எடை என்ன?" என்று கேட்பாரா? கேட்கமாட்டார் எனில், அது விசாரணையன்று, ஏளனமே. ஜனங்கள் விரும்புவதையே கொடுக்கிறோம் என்பது இரண்டாவது சமாதானம். கள்ளுக்கடைக்காரனும் இதையே சொல்லுவான். ஜனங்களின் ருசியைக் கெடுத்தவனே அந்த ருசியைச் சாட்சிக்கழைப்பது விந்தை!

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். அதை நாம் ஒப்பவில்லை. பத்திரிகைச் சட்டங்களின் கொடுமையை அன்னிய ஆட்சியில் அனுபவித்த நாடு இது. நடிகையைக் காக்க என்று பூட்டும் விலங்கு, நாளை மந்திரியைக் கேள்வி கேட்பவன் கையில் ஏறும். ஆதலின் பரிகாரம் நம்மவரிடமிருந்தே பிறக்கவேண்டும். தகாத கேள்வி எழுந்த அக்கணமே, அருகிலிருக்கும் நிருபர் எழுந்து ஆட்சேபிக்கவேண்டும். படத் தயாரிப்பாளரும் உடன்நடிப்பவரும் அப்பெண்ணைத் தனியே விட்டு மௌனம் சாதிக்கலாகாது. நேயர்களும் தங்கள் பங்கை உணரவேண்டும். அக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொருவரும் அதற்குக் கூலி கொடுத்தவரே ஆவர்.

தேசத் தொண்டில் ஈடுபட்டோருக்கு இது சினிமா விஷயமென்று தோன்றலாம். உழைத்துண்ணும் ஒரு பெண், நாலு பேர் நடுவில், தன் உடலைப்பற்றிய ஏளனமின்றித் தன் வேலையைப்பற்றிப் பேச இடமில்லாத நாட்டில், பெண் விடுதலையென்று நாம் மேடையில் முழங்குவது வெறும் ஓசையே. ரோஸிக்கு நாகர்கோவில் சாலை புகலளித்தது. இன்னொரு பெண் அவ்வாறு ஓடவேண்டிய நிலை வராமற் காப்பதே நம் கடமை.