மீண்டும் கிடைத்த குரல்

சென்ற மாதம் நமது அலுவலக நண்பர் ஒருவர், பகல் உணவு வேளையில் கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்தார். ஆர்கன் வாத்தியத்தின் சிறு மெட்டொன்று திரும்பத் திரும்ப வந்தது. அதன்மேல் ஓர் இளைஞனின் குரல். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பதிவான 'நைன்ட்டி சிக்ஸ் டியர்ஸ்', அதாவது தொண்ணூற்றாறு கண்ணீர்த் துளிகள், என்னும் பாடல் அது.

1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் அந்நாட்டிற்கு வந்து பாடியபின், பிள்ளைகள் பலர் தாமும் குழு அமைக்கத் துணிந்தனர். பயிற்சிக்கு மண்டபம் ஏது? வீட்டில் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையே அரங்கமாயிற்று. ஆகவே அவ்விசைக்குப் பின்னாளில் 'கராஜ் ராக்' என்று பெயர் வழங்கலாயிற்று. நயம் குறைவு, வேகம் மிகுதி. சிறு கம்பெனிகள் வெளியிட்ட அத்தட்டுகளுள் பல விரைவில் மறக்கப்பட்டன. 1972-இல் லென்னி கே என்பார் அத்தகைய 27 பாடல்களைத் தேடித் தொகுத்தார். எலக்ட்ரா கம்பெனி அவற்றை 'நகெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்யும் வழக்கத்திற்கு அஃது ஒரு முன்மாதிரியாயிற்று.

நாம் கேட்ட பாடலின் வரலாறோ நம் போன்றோர் நெஞ்சைத் தொடுவது. அதைப் பாடிய 'கேள்விக்குறியும் மிஸ்டீரியன்ஸும்' என்ற குழுவினர், மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள். வயல் வேலையும் ஆலை வேலையும் நாடித் தெற்கிலிருந்து வடக்கே சென்ற குடும்பங்கள் அவர்களுடையவை. உள்ளூரிலேயே பதிவான அப்பாடல், 1966 அக்டோபரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

ஆயினும் வெளியிட்ட கம்பெனி பின்னர் கைமாறிற்று. மூலப்பதிவின் உரிமையும் உடன் சென்றது. குறுந்தட்டுகள் உலகெங்கும் பரவிய பின்னரும் அப்பதிவு முறையாக வெளிவரவில்லை. 1997-இல் அக்குழுவினர் தம் பாடல்களைத் தாமே மறுபடியும் பாடிப் பதிவு செய்ய நேர்ந்தது. பாட்டு அதுவே, ஆனால் இளமைக் குரலை நடுவயதில் யார் மீட்டுத் தர வல்லார்? 2005-இல்தான் மூலப்பதிவு குறுந்தட்டாக வெளிவந்தது. உரிமையாளரிடம் நாடா பத்திரமாக இருந்தமையால் அக்குரல் பிழைத்தது.

இதைக் கேட்ட அன்று மாலை நாம் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம். நாம் சிறுபிள்ளையாக இருக்கையில், ஊரிலிருந்து நம் பாட்டியார் பேசி அனுப்பிய கேசட் ஒன்று அதில் கிடந்தது. நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது. கடைக்காரர் துடைத்துத் தந்ததில் பாதிதான் கேட்கிறது. "சாப்பிட்டாயா கண்ணு?" என்று வினவிய குரல், அடுத்த சொல்லில் கரகரத்து மறைந்துவிடுகிறது.

அன்பர்களே, நம் வீட்டுக் குரல்களுக்கு மறுபதிப்புப் போட எக்கம்பெனியும் வரப்போவதில்லை. அவ்வேலை நம்முடையது. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நாடா நல்ல நிலையிலிருப்பின் உடனே பிரதி எடுத்து, ஊரிலுள்ள உறவினருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் அக்குரல் வாழும்.