பழ அழுகலைத் தடுக்கும் ஈஸ்ட்: காவற்காரனை வைத்தியனாக எண்ணலாகாது

மரத்தில் எண்ணிய பழமெல்லாம் பணமாகி வீடு வந்து சேருவதில்லை என்பது பழத்தோட்டம் வைத்திருக்கும் குடியானவர்கள் அனைவரும் அறிந்த விஷயமே. நீர் பாய்ச்சி, எருவிட்டு, கவாத்துச் செய்து, ஆள் வைத்துப் பறித்து அனுப்பிய சரக்கில் ஒரு பங்கு வண்டியிலும் மண்டியிலும் அழுகிவிடுகிறது. அதற்காக மண்டியில் தள்ளும் கழிவு விளைவித்தவர் தலையிலேயே விழுகிறது. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2015-ஆம் வருஷம் வெளியிட்ட கணக்கின்படி, நம் தேசத்தில் விளையும் கொய்யாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு அறுவடையின்போதும் அதன் பின்னரும் வீணாகிறது. இது முழுவதும் அழுகலால் நேர்ந்ததன்று. அடிபடுதலும் வாடுதலும் இதில் அடங்கும். ஆயினும் அடிபட்ட பழமே முதலில் அழுகுவதாதலால், இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதில் பயன் அதிகமில்லை.

இந்நஷ்டத்தைக் குறைப்பதற்கு, மருந்துக்குப் பதிலாக ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பழத்தின்மேல் தெளிக்கலாம் என்ற செய்தி இப்போது குடியானவர்களிடையே பரவி வருகிறது. சிலர் இதைப் பெரிய அற்புதம் என்று புகழ்கின்றனர். வேறு சிலர் வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளுகின்றனர். இரண்டும் சரியன்று என்பது என் அபிப்பிராயம். ஈஸ்ட் மெய்யாகவே பயன் தருவது. ஆனால் அது காவற்காரனேயன்றி வைத்தியன் அன்று. காயம்படாமல் பறிக்கக் கற்றுக்கொண்டவருக்கே அதன் பலன் கிட்டும். பறிப்பைத் திருத்தாமல் ஈஸ்ட் வாங்குகிறவர், வேலியில்லாத தோட்டத்திற்குக் காவலாள் வைத்தவரைப் போன்றவரே.

அழுகல் உண்டாகும் விதம்

எலுமிச்சை, கமலா, சாத்துக்குடி ஆகிய பழங்களையே உதாரணமாகக் கொள்வோம். இவற்றைச் சேமிப்பில் கெடுப்பவற்றுள் முதன்மையானது பச்சைப் பூசணம். இதற்குச் சாஸ்திரிகள் பெனிசிலியம் டிஜிடாட்டம் என்று பெயரிட்டிருக்கின்றனர். முதலில் தோலில் நீர் கோத்தது போன்ற மெத்தென்ற புள்ளி தோன்றும். அதன்மேல் வெண்மையான நூல் படரும். பின்னர் அது பச்சைப் பொடியாக மாறும். அப்பொடி முழுவதும் பூசணத்தின் வித்துக்களே. அழுகிய ஒரு பழத்திலிருந்து கோடிக்கணக்கான வித்துக்கள் காற்றிலும், கூடையிலும், சாக்கிலும், கொட்டகைத் தரையிலும் பரவுகின்றன.

இவ்வளவு பெருகும் இப்பூசணத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. பழுதில்லாத தோலைத் துளைத்து உள்ளே செல்ல அதற்குச் சக்தியில்லை. முள் கீறியது, நகம் பட்டது, காம்பு பிய்ந்தது, தரையில் விழுந்து நசுங்கியது ஆகிய காயங்களே அதற்கு வாயில். காயத்தில் கசியும் சாற்றைக் குடித்து வித்து முளைக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் மூன்று நான்கு தினங்களுக்குள் அழுகல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே, காயம்பட்டதிலிருந்து முதல் ஒரு நாளைக்குள் அந்த வாயிலை எவர் முதலில் பிடித்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே பழத்தின் கதி அமைகிறது.

ஈஸ்டின் வேலை

கள்ளைப் பொங்கச் செய்வதும், ரொட்டி மாவை உப்பச் செய்வதும் ஈஸ்ட் என்பது பலரும் அறிந்ததே. அக்குலத்தைச் சேர்ந்த வேறு பல இனங்கள் பழத்தோலின்மீது இயற்கையாகவே வாழ்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் வில்ஸன், இஸ்ரேலைச் சேர்ந்த எடோ ஷலூட்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் 1980-களின் பிற்பகுதியில் எலுமிச்சை இனப் பழங்களைக் கழுவிய நீரைப் பரிசோதித்தனர். கெட்டியான கழுநீரை வளர்ப்பு ஊடகத்தில் இட்டபோது ஈஸ்டும் பாக்டீரியாவும் மட்டுமே வளர்ந்தன. அதே கழுநீரில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து இட்டபோது அழுகற் பூசணங்கள் தலைகாட்டின. கழுவி உலர்த்திய பழங்கள் கழுவாத பழங்களைவிட விரைவில் அழுகியதையும் அவர்கள் கண்டனர். தோலின்மேலிருந்த நல்ல உயிர்கள் பகைப் பூசணத்தை அடக்கி வைத்திருந்தன என்பது இதனால் விளங்கியது. இவற்றைப் பிரித்து வளர்த்து மிகுதியாகத் தெளிக்கும் வழக்கம் இவ்வாறே பிறந்தது.

ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறக்குறைய பத்துக் கோடி ஈஸ்ட் உயிர்கள் இருக்குமாறு கலந்து, பழத்தை அதில் முக்கி எடுப்பதோ, பழத்தின்மேல் தெளிப்பதோ வழக்கம். காயத்தை அடைந்தவுடன் ஈஸ்ட் விரைவாகப் பெருகி, கசியும் சர்க்கரையையும் மற்றச் சத்துக்களையும் உண்டுவிடுகிறது. பின்னர் வரும் பூசண வித்திற்கு உணவும் இடமும் கிட்டுவதில்லை. சில இனங்கள் காயத்திலுள்ள இரும்புச் சத்தைப் பிணைத்துப் பூசணத்தைப் பட்டினி போடுகின்றன. சில பூசணத்தின் மேற்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. சில பழத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடுகின்றன. எனினும், உணவையும் இடத்தையும் முந்திப் பிடிப்பதே இவற்றுள் தலையாய வேலை.

ஈஸ்ட் தெளித்தால் பழம் கள்ளைப் போலப் பொங்கிப் புளித்துவிடாதோ என்று சிலர் ஐயுறுகின்றனர். இவ்வேலைக்குப் பொறுக்கப்படும் இனங்கள் நல்ல தோலை ஊடுருவிச் செல்லுவன அல்ல. பழத்திற்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாதவை என்று பரீக்ஷித்த பின்னரே அவை பொறுக்கப்படுகின்றன. அதே காரணத்தால், கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்டையோ, கள் மண்டியையோ கரைத்துத் தெளித்தால் அதே பலன் வரும் என்று எண்ணுவது தவறு. ஈஸ்ட் குலத்தில் மனிதருக்கு நோய் விளைக்கும் இனங்களும் உண்டு. ஆகையால் வீட்டுப் பானையில் தாமே வளர்த்துக்கொள்ளும் முயற்சி வேண்டா.

ஈஸ்ட் செய்யமாட்டாதது

பூசணம் காயத்தில் வேரூன்றி ஒரு நாள் கடந்தபின் தெளிக்கும் ஈஸ்டினால் பலன் இல்லை. நேற்று விழுந்த பழத்தைப் பொறுக்கி இன்று மாலை ஈஸ்ட் நீரில் முக்குவது, களவு போன வீட்டிற்குப் பூட்டு வாங்குவதை ஒக்கும்.

மாம்பழத்தில் இக்குறை இன்னும் பெரிது. மாவின் கரும்புள்ளி அழுகல், பூவும் பிஞ்சுமாயிருக்கும் காலத்திலேயே மரத்தில் தொற்றி, தோலினுள் அடங்கிக் கிடந்து, பழம் கனியும்போது வெளிப்படுகிறது. பறித்தபின் மேலே தெளிக்கும் ஈஸ்ட் உள்ளே பதுங்கியிருக்கும் பகையைச் சென்று சேருவதில்லை. இதற்கு மரத்திலேயே நோயைத் தடுப்பதும், பறித்த காயை 52 முதல் 55 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் 5 முதல் 10 நிமிஷம் வரை, ரகத்திற்குத் தக்கபடி முக்கி எடுப்பதுமே தக்க வழிகள். எல்லாப் பழத்திற்கும் ஒரே புட்டி என்று ஒருவர் விற்க வந்தால், அவரை நம்பாதிருப்பதே நலம்.

பிற தேசங்களின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். காண்டிடா ஓலியோஃபிலா என்னும் ஈஸ்டைக் கொண்டு செய்த ஆஸ்பயர் என்னும் சரக்கு 1995-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. ஆராய்ச்சிச் சாலையில் நன்கு வேலை செய்த அது, பழக்கொட்டகைகளில் ஒரு சமயம் போல் மறு சமயம் பலன் தரவில்லை. சில வருஷங்களில் சந்தையிலிருந்தே மறைந்தது. எனினும், பத்து லட்சத்தில் 200 பங்கு என்ற சிறிய அளவில் தயாபெண்டசோல் மருந்துடன் சேர்த்தபோது, வழக்கமான முழு மருந்துச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிடைத்தது. அதே இனத்தின் வேறொரு வகைக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது. தனியே நிற்கும்போது தளரும் ஈஸ்ட், துணையோடு நிற்கும்போது வலுப்பெறுகிறது என்பதே இதன் கருத்து. நூறு லிட்டர் நீருக்கு 2 அல்லது 3 கிலோ ஆப்பசோடா கலந்த நீரில் எலுமிச்சை இனப் பழங்களை முக்குவது பச்சைப் பூசணத்தை அடக்கும் என்பதும் பரீக்ஷைகளில் கண்டதே; இத்தகைய மலிவான துணைகளை நாம் முதலில் ஆராய வேண்டும்.

அப்படியாயின் மருந்தே போதாதா என்று கேட்கலாம். ஒரே மருந்தை ஆண்டுதோறும் பிரயோகித்த பழக்கொட்டகைகளில், தயாபெண்டசோலுக்கும் இமசாலிலுக்கும் அசையாத பூசண வகைகள் தோன்றிவிட்டன. உண்ணும் பழத்தில் தங்கும் மருந்தின் அளவையும் வாங்கும் தேசங்கள் வரவரக் குறைத்துக்கொண்டே வருகின்றன. எலுமிச்சையைத் தோலோடு ஊறுகாய் போடும் நம் ஜனங்களுக்கு இவ்விஷயம் அயலார் கவலை அன்று. ஆகையால் மருந்தைக் குறைக்க உதவும் எந்த வழியையும் அலட்சியம் செய்யலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, பறிப்பைத் திருத்துதல். எலுமிச்சை முள் மரமாதலால் தொரட்டியால் இழுத்தும், கிளையை உலுக்கியும், தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளியும் சாக்கில் அடைப்பது பல இடங்களில் வழக்கம். இதில் கூலி மிச்சமாவது உண்மை. மிச்சமான கூலி அழுகலாய்ப் போவதும் உண்மை. கையுறை அணிந்து, கத்தரியால் சிறு காம்போடு வெட்டி, பையில் சேர்த்து, நிழலில் வைத்தல் வேண்டும். பனியும் மழையும் காயுமுன் பறிக்கலாகாது. அப்போது தோல் விறைத்து எளிதில் காயப்படும். விழுந்த பழத்தைத் தனியே பிரித்து உடனே விற்றுவிட வேண்டும். அழுகியதைக் கொட்டகை ஓரத்தில் குவிக்காமல் புதைக்க வேண்டும்.

இரண்டாவது, ஈஸ்ட் வாங்குகிறவர் அது உயிருள்ள சரக்கு என்பதை மறக்கலாகாது. வெயிலில் வைத்தாலும், காலாவதியானாலும் அது செத்த மாவேயாகும். பிளீச்சிங் தூள் கலந்த நீரில் பழத்தைக் கழுவினால், நல்ல நீரில் அலசிய பின்னரே ஈஸ்டில் முக்க வேண்டும். பதிவு எண்ணும், உயிரின் பெயரும், காலாவதித் தேதியும் அச்சிடாத புட்டியைக் கையால் தொடவும் வேண்டா.

மூன்றாவது, பிறர் சொல்லை நம்புவதைவிடத் தாமே எண்ணிப் பார்ப்பது மேல். ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் எடுத்த நானூறு பழங்களை நூறு நூறாக நான்கு குவியல்கள் ஆக்குக. கத்தரியால் வெட்டியதில் ஒன்றை ஈஸ்டிலும் ஒன்றை வெறும் நீரிலும், தொரட்டியால் விழுந்ததில் ஒன்றை ஈஸ்டிலும் ஒன்றை வெறும் நீரிலும் முக்கி, ஒரே கொட்டகையில் தனித்தனியே வைத்து, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் அழுகலை எண்ணுக. கத்தரியால் எவ்வளவு மிச்சம், ஈஸ்டால் எவ்வளவு மிச்சம் என்பது அப்போது தெரிந்துவிடும். கூலியையும் ஈஸ்டின் விலையையும் அத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு பணம் போடலாம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் பங்குண்டு. பழம் சேரும் இடங்களில் நிழற்கொட்டகையும் நல்ல தண்ணீரும் அமைப்பது, மண்டி ஓரத்து அழுகற் குவியல்களை அகற்றுவது, பெயரில்லாப் புட்டிகள் கிராமத்தில் விலைபோனால் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது ஆகியவை அவர்களால் ஆகக்கூடியவை. தனியொரு சிறு குடியானவர் முக்குத் தொட்டி கட்ட முடியாது. கூட்டுறவுச் சங்கத்தார் ஒன்று கட்டினால் பலருக்கும் உதவும்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம். புளியங்குடிச் சந்தைக்கு வரும் எலுமிச்சைக்கும், கீழ்ப்பழனி மலைக் கமலாவிற்கும் ஏற்ற ஈஸ்ட் எது என்பதை அயல்நாட்டுக் குளிர்க்கொட்டகைகளில் செய்த பரீக்ஷைகள் நமக்குச் சொல்லா. நம் பழத்தோலிலேயே வாழும் இனங்களைப் பிரித்து, நம் வெப்பத்திலும் நம் சாக்கிலும் கூடையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் போன்றவை இதற்குத் தக்க இடங்கள். அம்முடிவுகள், வெற்றியாயினும் தோல்வியாயினும், மறைக்காமல் குடியானவர்களுக்கு வெளியிடப்பட வேண்டும். அதுவரையில் கத்தரிக்கும் கையுறைக்கும் செலவிடும் பணத்திற்குத் தயங்க வேண்டியதில்லை. அவை எந்த ஈஸ்டுக்கும் முன்னே நிற்கும் முதற் காவல்.